பதினைந்தாம் தேதி வரும் பணம்: டவுன் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் சில மகளிர் குழுக்களுக்குக் கணக்கு நோட்டு எழுதித் தருகிறேன். பாத்திரப் பட்டறையில் பாலீஷ் போடுகிறவர்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், நாலு வீட்டில் வேலை செய்கிறவர்கள்தான் உறுப்பினர்கள். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியதிலிருந்து, கூட்டத்தில் கடன் பேச்சு முடிந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். விதிகள் 2025 முடிய உள்ளபடி.

ரேஷன் கார்டு இருந்தா எல்லாருக்கும் வரும்னு சொன்னாங்களே, யாருக்குத்தான் வரும்?

எல்லாருக்கும் இல்லை. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நிலம் இருந்தால் நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். வருமான வரி கட்டுகிறவர், அரசு வேலையில் இருப்பவர், கார் வைத்திருப்பவர் வீட்டுக்குக் கிடையாது. கார்டில் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயர் இருந்தால் அவர் மனைவியைத் தலைவியாகக் கொள்வார்கள். கைம்பெண்கள், கல்யாணமாகாமல் தனியாக இருக்கும் பெண்கள், திருநங்கைகள் நடத்தும் குடும்பங்களும் இதில் உண்டு.

முதல் கட்டத்தில் 1 கோடியே 63 லட்சம் மனு போனது, ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது. மேல்முறையீட்டில் கொஞ்சம் பேரும், 2025 டிசம்பரில் இரண்டாம் கட்டமாக இன்னும் பல லட்சம் பேரும் சேர்ந்தார்கள்.

ஆயிரம் ரூபா டவுன்ல ஒரு வாரத்துக்குக்கூடக் காணாதுக்கா. இத வச்சு என்ன ஆயிடப் போவுது?

தொகையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஓட்டு வீட்டு வாடகைக்குக்கூட முழுசாகப் போதாது. ஆனால் மூன்று வருடமாக நோட்டு எழுதியதில் நான் கண்டது வேறு. இந்தப் பெண்களின் வரவில் தேதி தெரிந்து வருகிற ஒரே பணம் இதுதான். பட்டறையில் வேலை இருந்தால் கூலி. முகூர்த்தம் இருந்தால் மண்டப வேலை. ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொத்தனார் கையாள் வீட்டில் அடுப்பு எரிய வழி இருக்காது. வரவுக்குத் தேதி இல்லாதவரிடம்தான் தண்டல்காரர் வந்து உட்காருகிறார். 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார். ஆண்டு வட்டியாகப் போட்டுப் பார்த்தால் அது 75 சதவீதத்துக்கு மேல்.

தேதி தெரிந்தால் என்ன மாறும்? எங்கள் தெரு மளிகைக்கடையில் பாக்கி நோட்டில் சில பேர்களுக்கு நேராக ‘15’ என்று குறித்திருக்கும். முன்பு 300 ரூபாய்க்கு மேல் பாக்கி தராதவர் இப்போது 800 வரை தருகிறார். அந்த 800 வட்டியில்லாத கடன். மழை நாளில் தண்டல் எடுக்காமல் தப்பித்தால் மிச்சமாவது இன்னொரு ஆயிரம்.

2023இல் இதைக் கண்ணால் பார்த்தோம். ஜூன் 12இல் திறந்த மேட்டூர் அணையை, தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10இல் மூடினார்கள். டெல்டாவில் குறுவை கருகியது. வயலில் பணம் புரளவில்லையென்றால் கும்பகோணத்துக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவருக்கும் கூலி இல்லை. அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் வந்த தவணைகள்தான் எங்கள் குழுவில் பல வீடுகளில் பலகாரமும் பிள்ளைகளுக்குத் துணியும் ஆனது.

கிராமத்துலயும் அதே ஆயிரம், இங்கயும் அதே ஆயிரம். ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்று இல்லை. கிராமத்தில் மனைக்கட்டு பெரும்பாலும் சொந்தம். வரப்பில் பொன்னாங்கண்ணி கிடைக்கும், வாய்க்காலில் குரவை மீன் கிடைக்கும், அடுப்புக்குக் கருவை முள் கிடைக்கும். டவுனில் குடிக்கிற தண்ணீரில் தொடங்கி எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாடகை, அட்வான்ஸ், கேஸ் என்று ஆயிரத்தைப் பிடுங்க ஆயிரம் வழி.

ஆனால் டவுனில் அரசு ஆஸ்பத்திரி பக்கம், பள்ளிக்கூடம் பக்கம். பிள்ளைக்குக் காலைச் சிற்றுண்டி பள்ளியிலேயே கிடைக்கிறது. 2023 ஆகஸ்டில் நம் டெல்டாவில் உள்ள திருக்குவளையில்தான் அதை மாநிலம் முழுக்க விரிவாக்கினார்கள். கட்டணமில்லாப் பேருந்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. கிட்டத்தட்ட இன்னொரு உரிமைத்தொகை. ஆனால் அது அரசு டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு. சந்துக்குள் வருகிற மினி பஸ் தனியாருடையது, அதில் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே வேலைக்கு நடந்தோ மினி பஸ்ஸிலோ போகும் டவுன் பெண்ணுக்கு அந்த 888 முழுசாகக் கிடைப்பதில்லை.

புருஷன் புடுங்கிட்டுப் போயி டாஸ்மாக்ல குடுத்துட்டு வந்தா? குடிக்கத்தானே போவுது?

அப்படி நடக்கும் வீடும் உண்டு, மறைக்க மாட்டேன். இரண்டு வீட்டில் 15ஆம் தேதி சண்டை நடக்கும் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் பொதுவாகக் காசு வந்தால் குடி கூடுகிறதா என்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்கள், உதவிப் பணத்தால் மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு கூடவில்லை என்றுதான் கண்டார்கள்.

அந்த இரண்டு வீட்டுக்கும் நாங்கள் செய்தது இது: ஏடிஎம் கார்டை வீட்டில் வைக்காமல் குழுத் தலைவி வீட்டில் வைத்தோம். ஒருத்தி பணம் வந்த அன்றே குழுச் சேமிப்பில் 500 கட்டிவிடுகிறாள். கை ஓங்கினால் 181க்கு அழையுங்கள். அது மகளிர் உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இப்படி சும்மா காசு குடுத்தா யாரும் வேலைக்கே வர மாட்டாங்களே?

இதைக் கேட்டவர் ஒரு ஓட்டல் முதலாளி. அவரிடம் பாத்திரம் கழுவ ஆள் நிற்பதில்லை என்பது உண்மைதான். நாளுக்குப் பத்து மணி நேரம் ஈரத்தில் நிற்கிறவளுக்கு அவர் கொடுக்கும் சம்பளத்தை, உரிமைத்தொகையோடு வைத்துப் பாருங்கள். மாதம் ஆயிரம் என்றால் நாளுக்கு 33 ரூபாய்தான். 33 ரூபாய்க்காக யாரும் வேலையை விட மாட்டார்கள். ஆறு நாடுகளில் ஏழு பண உதவித் திட்டங்களைப் பரிசோதித்த அபிஜித் பானர்ஜி குழுவும், வேலை செய்வது குறைந்ததாகச் சான்று இல்லை என்றே 2017இல் எழுதியது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, அது நல்ல மாற்றம். சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘நாளைக்கு வா’ என்கிற வீட்டை விட்டு வேறு வீடு தேடுகிற தைரியம் சிலருக்கு வந்திருக்கிறது. பத்து நாள் தாக்குப்பிடிக்கலாம் என்பதால்.

பணம் வந்துச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, போய்ப் பாத்தா பேங்க்ல புடிச்சிக்கிட்டாங்க. இது நியாயமா?

நியாயமில்லை. 2023இல் முதல் தவணையிலேயே இது நடந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லை, குறுஞ்செய்திக் கட்டணம் பாக்கி என்று பிடித்தார்கள். உரிமைத்தொகையை எந்தக் கட்டணத்துக்கும் நேர் செய்யக் கூடாது, பிடித்தால் 1100 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்போது அறிவித்தார். அரசுத் திட்டப் பணம் வருகிற கணக்கை ‘இயங்காத கணக்கு’ என்று ஒதுக்கக் கூடாது என்பது 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி.

பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். முப்பது நாளில் சரியாகவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், 14448க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். இனிமேல் நடக்காமலிருக்க, கணக்கையே குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரக் கேளுங்கள்.

ஆபீஸ்ல போட்டாச்சுங்குறாங்க, பாஸ்புக்ல இல்லையே. எங்க போச்சு?

பெரும்பாலும் உங்களுடைய வேறு கணக்குக்குத்தான் போயிருக்கும். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அதில் விழும். குழுக் கடனுக்காக ஒரு வங்கியில், கேஸ் மானியத்துக்காக இன்னொன்றில், மகன் சொன்னான் என்று தபால் ஆபீஸில் ஒன்று என டவுனில் ஒருத்திக்கு மூன்று கணக்கு இருப்பது சாதாரணம். ஆதாரில் பதிந்த போனிலிருந்து *99*99*1# அடித்தால் எந்த வங்கி என்று காட்டும்.

வாரக் குழுக் கடனுக்கே சரியாப் போவுதுக்கா. அப்ப லாபம் கடன் குடுத்தவனுக்குத்தானே?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. நான் சொல்வது வங்கி தரும் மகளிர் குழுக் கடனை அல்ல, வாரா வாரம் ஆள் வந்து தெருத்திண்ணையில் உட்கார்ந்து வசூலிக்கிற நிதி நிறுவனக் கடனை. உரிமைத்தொகை வரத் தொடங்கியதும் சில வசூல்காரர்கள் ‘அதான் மாசம் ஆயிரம் வருதே’ என்று சொல்லியே இன்னொரு கடனைத் தலையில் கட்டினார்கள். ஒருத்தி பேரில் நாலு நிறுவனக் கடன் இருந்தது. வாரத்துக்கு 2,300 கட்ட வேண்டும். அவளுக்கு ஆயிரம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

ஆனாலும் கடன் அடைக்கப் போகிற பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் கடனை அடைக்கிறோம் என்பதில் இருக்கிறது. வட்டி அதிகமான தண்டலை முதலில் முடித்தவர்கள் ஆறு ஏழு மாதத்தில் மூச்சு விட்டார்கள். அடகில் மூழ்கவிருந்த தோட்டை மாதம் ஆயிரம் வட்டியும் அசலுமாகக் கட்டி மீட்டவர்கள் இருக்கிறார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் எடுத்தவர்கள் அங்கேயேதான் நிற்கிறார்கள்.

ஏடிஎம் கார்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், ரகசிய எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள். கந்துவட்டிக்கு எதிராக 2003லிருந்து சட்டம் இருக்கிறது. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்க 2025இல் இன்னொரு சட்டம் வந்தது. வீட்டு வாசலில் நின்று அசிங்கமாகப் பேசுவதும் அதில் குற்றம்தான். தனியாகப் போனால் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். நாலு பேராகப் போங்கள்.

மாமியாருக்கு முதியோர் பணம் வருது. அதனால எனக்குக் கிடையாதுன்னுட்டாங்க.

முதலில் அப்படித்தான் விதி இருந்தது. 2023 ஆகஸ்டிலேயே தளர்த்திவிட்டார்கள். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கு உரிமைத்தொகை கிடையாது, ஆனால் அதே கார்டில் தகுதியுள்ள வேறு பெண் இருந்தால் மனு செய்யலாம். பழைய விதியைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கரண்டு யூனிட் ஜாஸ்தின்னு தள்ளிட்டாங்க. நான் எரிக்கிறதே ஒரு குண்டு பல்புதான்!

டவுனுக்கென்றே உள்ள சிக்கல் இது. ஒரே காம்பவுண்டில் நாலு குடித்தனம், ஒரே மீட்டர். நாலு வீட்டு ஓட்டமும் சேர்ந்து 3,600ஐத் தாண்டிவிடுகிறது. வீட்டுக்காரர் ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு என்று உங்களிடம் வாங்கிக்கொள்கிறார், அரசு தரும் 100 யூனிட் சலுகையும் உங்களுக்கு வருவதில்லை.

நிராகரித்த குறுஞ்செய்தி வந்த முப்பது நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். அதில் ஒரே மீட்டரில் எத்தனை குடித்தனம் என்று தெளிவாக எழுதி, பக்கத்துக் குடித்தனக்காரர்களின் ரேஷன் கார்டு நகலையும் வைத்துக் கொடுங்கள். எங்கள் குழுவில் மூன்று பேர் இப்படிக் கொடுத்ததில் இரண்டு பேருக்கு வந்தது.

எங்க ஊரை மாநகராட்சியில சேக்குறாங்க, நூறு நாள் வேலை போயிடும். ஆயிரம் அதுக்கு ஈடா?

ஈடாகாது. 2025–26இல் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். வருடத்துக்கு 36 நாள் வேலை கிடைத்தாலே உரிமைத்தொகையின் 12,000ஐத் தாண்டிவிடும். அதைவிட முக்கியம், கிராமத்துப் பெண்ணுக்கு இரண்டும் உண்டு, டவுன் பெண்ணுக்கு ஒன்றுதான். 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை மாநகராட்சிகளோடு இணைக்கும் பேச்சு வந்தபோது பெண்கள் திரண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனது இதற்காகத்தான். அவர்கள் பயம் நியாயமானது. வரைபடத்தில் கோடு மாறிய மறுநாளே அவர்கள் டவுன்காரர்களாக ஆகிவிடுவதில்லை, வேலையும் டவுனில் வந்து காத்திருப்பதில்லை.

நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றை 2022இல் சோதனையாகச் சில இடங்களில் தொடங்கினார்கள். அதைக் காவிரிக் கரை ஊர்களுக்கெல்லாம் விரித்து, வாய்க்கால் தூர்வாருவதும் குளம் சுத்தம் செய்வதும் அதில் கொடுத்தால் இங்கே ஆளுக்குப் பஞ்சமே இருக்காது.

ரேஷன் அரிசியை நிறுத்திட்டுக் காசாவே குடுத்துட்டா நல்லதுதானே? நமக்குப் புடிச்ச அரிசி வாங்கிக்கலாம்.

இதற்குப் பதில் தெரிய நாகூர் தாண்டி காரைக்கால் போனால் போதும். அது புதுச்சேரி ஆட்சி. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். நிதி ஆயோக்குக்காக நடந்த ஆய்வில், தொடக்க மாதங்களில் பலர் பணம் வரவே இல்லை என்றார்கள். வந்தவர்களுக்கும் அதே அளவு அரிசியைக் கடையில் வாங்கக் கைக்காசும் நேரமும் கூடுதலாகச் செலவானது. போகப் போகக் குறைகள் குறைந்து, பணமே தேவலை என்றவர்களும் கூடினார்கள். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அரிசிக்கான கோரிக்கை ஓயவில்லை. கடைசியில் 2024 தீபாவளியையொட்டி ரேஷன் கடைகளைத் திறந்து மறுபடி அரிசி கொடுத்தார்கள். எல்லையில் உள்ள வாஞ்சூருக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். காசு தருகிறோம் என்று கடையை மூடவில்லை.

என் கருத்து: இரண்டாவது பதிலில் சொன்ன நன்மை அத்தனையும் அரிசி வீட்டில் இருப்பதால் வருவது. அரிசி கவலை இல்லாததால்தான் ஆயிரத்தைத் தோட்டுக்கும் பள்ளிச் செருப்புக்கும் எடுக்க முடிகிறது. கடையில் பொன்னி அரிசி விலை ஏறினால் ரேஷன் மூட்டை சுருங்காது. கையில் வந்த பணம் சுருங்கிவிடும்.

எல்லார் கையிலயும் காசு வந்தா விலைவாசி ஏறிடாதா? எங்க வீட்டுக்காரர் வாடகையை ஏத்திட்டாரு.

பொருளுக்கும் வாடகைக்கும் பதில் வேறு வேறு. கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்குப் பெருந்தொகை கொடுத்து 600க்கும் மேற்பட்ட கிராமங்களைக் கவனித்தார்கள். விலை ஏறியது மிகச் சொற்பம், கடைக்காரர்களுக்கும் வரும்படி கூடியது. ஆனால் பிலிப்பைன்ஸில் ஒதுங்கிய ஊர்களில் முட்டை போன்றவை விலை ஏறி, உதவி கிடைக்காத வீட்டுக் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். வெளியிலிருந்து சரக்கு சுலபமாக வராத இடத்தில்தான் அந்தச் சிக்கல். கும்பகோணத்துக்கு லாரி வராத நாள் இல்லை.

வாடகை அப்படி இல்லை. தக்காளியைப் போல ஓட்டு வீட்டை லாரியில் ஏற்றி வர முடியாது. சந்தில் உள்ளது பத்து வீடு, கேட்பது முப்பது குடும்பம். அங்கே பெண்கள் கையில் சேரும் காசில் ஒரு பங்கு வீட்டுக்காரர் பைக்குப் போகத்தான் செய்கிறது. இதை உரிமைத்தொகையால் சரி செய்ய முடியாது, நகரத்துக்குள் வாடகைக்கு வீடு கட்ட வேண்டும். உங்களால் முடிவது, வாடகைக்கு ரசீது கேட்பதும் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதிக்கொள்வதும்.

வருஷா வருஷம் எல்லாம் ஏறுது, இது மட்டும் ஏன் அப்படியே இருக்கு?

விலையோடு சேர்ந்து தானாக ஏறும் ஏற்பாடு இதில் இல்லை. அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியமே சாட்சி. 2006–07இல் 200 ரூபாய் என்று வைத்தது, 79 வயது வரை உள்ளவர்களுக்கு அந்தப் பங்கு இன்றும் 200தான். மாநிலம் தன் பணத்தைப் போட்டு 2023இல் 1,200 ஆக்கியதால் நம் பாட்டிகளுக்குக் கொஞ்சம் கை கொடுத்தது. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி இருப்பதுபோல இதற்கும் வேண்டும் என்று குழுவில் தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறோம்.

வரி கட்டுறவங்க காசை எடுத்து இலவசமாக் குடுக்குறதுக்கு ‘உரிமை’ன்னு பேரு வைக்கலாமா?

வைக்கலாம். காலை நாலரைக்கு எழுந்து குழாயடியில் நின்று, ஐந்து பேருக்குச் சமைத்து, மாமனாருக்குக் கால் அமுக்கி, பிறகு நாலு வீட்டு வேலைக்குப் போகிறவள் சொந்த வீட்டில் செய்த வேலைக்கு யாரும் கூலி போட்டதில்லை. அந்த உழைப்புக்கான அங்கீகாரம் என்றுதான் திட்டத்துக்கே இந்தப் பெயர். வரியும் அவள் கட்டுகிறாள். சோப்பு வாங்கினாலும் பிஸ்கட் வாங்கினாலும் விலைக்குள் சரக்கு சேவை வரி இருக்கிறது.

எனக்கு ரேஷன் கார்டே இல்லக்கா. வீட்டுக்காரர் அட்ரஸ் குடுக்க மாட்டேங்குறாரு. நான் என்ன பண்றது?

மிகவும் தேவைப்படுகிறவர்கள் இவர்கள்தான், விட்டுப்போகிறவர்களும் இவர்கள்தான். மெக்சிகோவில் இதே மாதிரித் திட்டத்தை 2000க்குப் பிறகு நகரங்களுக்குக் கொண்டுபோனபோது, தகுதியுள்ளவர்களே வந்து பதிய வேண்டும் என்றார்கள். நிறையப் பேர் வந்து சேரவே இல்லை. கிராமத்தில் யார் ஏழை என்று ஊருக்குத் தெரியும். டவுனில் அடுத்த தெருவுக்குத் தெரியாது.

வீட்டு வாடகை ஒப்பந்தம் கிடைக்காவிட்டால், கேஸ் இணைப்புச் சீட்டு, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், வாக்காளர் அட்டை இவற்றில் எதிலாவது இப்போதைய முகவரியை முதலில் மாற்றுங்கள். பழைய ஊர்க் கார்டில் பெயர் இருந்தால் அங்கே நீக்கச் சான்று வாங்க வேண்டும், இல்லையென்றால் இங்கே புதுக் கார்டு வராது. மாமனார் வீட்டுக் கார்டில் பெயர் மாட்டிக்கொண்டு, சண்டையால் நீக்கித் தர மாட்டேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் மனு கொடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து, மனு ரசீதை வாங்கி வையுங்கள். எங்கள் குழுவில் ஒருத்தி நாலு திங்கள்கிழமை தஞ்சாவூர் போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலி போனது, குழுவிலிருந்து பஸ் செலவுக்குக் கொடுத்தோம். போன மாதம் அவள் கார்டு வந்தது. இனிமேல்தான் உரிமைத்தொகை மனு எழுத வேண்டும்.